நூலகர்க்கு ஓர் ஆசான்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில், கவிதையைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ பேசாது நூலகரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் அவையில் சிலர்க்கு எழலாம். கவிஞர் எழுதுகிறார், அச்சகத்தார் அச்சிடுகின்றனர், பதிப்பாளர் விற்கிறார். இம்மூவரும் தத்தம் பணியை முடித்து அகன்ற பின்னர், இருபது ஆண்டுகளோ முப்பது ஆண்டுகளோ கழித்து, ஆசிரியர் பெயரையும் அறியாத ஓர் இளைஞரின் கையில் அந்நூலைக் கொண்டு சேர்ப்பவர் ஒருவர் உளர். அவரே நூலகர். அவர் நன்கு அமைந்தால் நூல் இரண்டாம் பிறவி எடுக்கிறது. அவர் நன்கு அமையாவிடின் அது பூட்டிய அலமாரிக்குள் பூச்சிக்கு இரையாகிறது. ஆகவே நூலகர் எவ்வாறு உருவாகிறார் என்னும் வினா கவிஞர்களுக்கும் உரிய வினாவே.

நூலகரை உருவாக்குவது எது? பட்டமா, பதவியா, பணிமூப்பா? இவை மூன்றும் வேண்டுவனவே. ஆயினும் இவை மூன்றும் கூடியும் நல்ல நூலகர் அமையாத இடங்கள் உள்ளன. பட்டம் கதவைத் திறக்கிறது. பதவி நாற்காலியைத் தருகிறது. பணிமூப்பு சம்பளத்தை உயர்த்துகிறது. ஒரு வாசகரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இவற்றுள் எதுவும் கற்பிப்பதில்லை. அதனைக் கற்பிப்பவர் மற்றொரு மனிதர். இவ்வுரையின் பொருள் அம்மனிதரைப் பற்றியது.

மூன்று கொடைகள்

தமிழ் பயின்றோர்க்கு ஆசான் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையை நினைவிற் கொண்டால் போதும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்குப் பாடம் சொன்னார். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தபோது மாணாக்கர்க்கு வயது இருபதை ஒட்டியதே. அவருடைய எதிர்காலம் என்னவாகும் என்பது அன்று யார்க்கும் தெரியாது. 1880இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் வேளையில், தாம் வகித்த இடத்துக்குச் சாமிநாதையரையே கொணர்ந்து அமர்த்தினார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அவ்வூர்க்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அதன்பின் ஒரு கேள்வி கேட்டார். ஐயர் பயின்ற அந்தாதிகளும் கோவைகளும் புராணங்களும் அடங்கிய நீண்ட பட்டியல் முதலியாருக்கு நிறைவு தரவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் வினவினார். அவ்வினா 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக விளைந்தது. அதன் பின்னர் விளைந்தவற்றை இவ்வவை நன்கு அறியும்.

ஒருவர் பாடம் சொன்னார். ஒருவர் இடம் தந்தார். ஒருவர் கேள்வி கேட்டார். ஒரு மனிதரின் வாழ்க்கைத் தொழில் உருப்பெறுவதற்கு இம்மூன்று கொடைகளும் தேவைப்பட்டன. மூன்றையும் ஒருவரே தந்துவிடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இன்று ஆங்கிலத்தில் 'மென்டரிங்' என்று பெயர் சூட்டிப் பயிற்சி நூல்கள் விரித்துரைக்கும் பொருளின் சாரம் இதுவே.

சீர்காழிக் கணித ஆசிரியர்

இனி நூலகத்துறைக்கு வருவோர், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ்.ஆர். ரங்கநாதனிடமே முதலில் வந்து நிற்க வேண்டும். அவர் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். 1924 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவர் அத்துறையில் பெற்றிருந்த முன்னறிவு என்பர்.

அப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறையில் மாணவர் முகம் பார்த்துப் பழகியவர்க்கு, ஆளரவமற்ற கூடத்தில் தனியே அமர்ந்திருப்பது சிறைவாசம் போலத் தோன்றியது. சில நாளிலேயே மேலிடத்தாரிடம் சென்று, கணிதம் கற்பிக்கவே திரும்பிவிடுவதாகக் கூறினார். மேலிடத்தார் சினக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்று வரட்டும். வந்த பின்னரும் மனம் ஒப்பவில்லையாயின் கணித ஆசிரியர் பணி அவருக்காகக் காத்திருக்கும் என்று உடன்பாடு செய்தனர். இஃது எளிய செயல் போலத் தோன்றும். திரும்பி வர வழியுண்டு என்னும் உறுதியே ஒருவரைத் துணிந்து முன் செல்ல வைக்கிறது. ரங்கநாதன் பெற்ற முதற் கொடை அதுவே. தியாகராச செட்டியார் தந்த கொடை போன்று, அஃது இடம் தரும் கொடை.

1924இல் லண்டன் சேர்ந்த அவர், அங்குப் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் டபிள்யூ.சி. பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பயின்றார். சேயர்ஸ் ஏட்டுக் கல்வியாளர் மட்டுமல்லர். கிராய்டன் நகரப் பொது நூலகங்களின் தலைமை நூலகர். வந்த மாணவர் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுப்பதோடு நிறைவுறலாகாது என்று அவர் கருதினார். தம் நூலகத்திலேயே ஒவ்வொரு பிரிவிலும் அவரை அமர்த்தி வேலை செய்ய வைத்தார். பிற நூலகங்களைச் சென்று காணவும் வழி செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் கண்டார். தொழிலாளரும் பெண்களும் சிறுவரும் தம் வீட்டுக்குள் நுழைவது போல நூலகத்துள் நுழைவதைக் கண்டார். சென்னையில் சிறையாகத் தோன்றிய பணி அங்கு ஊர்ப்பணியாகத் தோன்றியது. சேயர்ஸ் அவருக்குச் சொன்னவற்றினும் காட்டியவை மிகுதி. இது பாடம் சொல்லும் கொடை.

1925இல் தாயகம் திரும்பிய ரங்கநாதன் கணித வகுப்புக்குத் திரும்பவில்லை. நூலகத்தை மாற்றும் பணியில் ஆழ்ந்தார். செய்வன பல இருந்தன. அவற்றை இணைக்கும் கொள்கை மட்டும் புலப்படவில்லை. எண்ணற்ற நடைமுறைகளைச் சில அடிப்படை விதிகளுள் அடக்க இயலாதா என்று கணித மனம் தவித்தது. 1928இல் ஒருநாள், அவருடைய கணிதப் பேராசிரியர் எட்வர்டு பி. ராஸ் மாணாக்கரின் தவிப்பைக் கேட்டறிந்தார். கேட்டபின், நூல் இருப்பது பயன்படுத்தப்படுவதற்கே என்னும் பொருள்பட ஒரு சிறு தொடரைச் சொல்லி, முதல் விதி அதுதானே என்று கூறினார். முதல் விதி கிடைத்த பின்னர் ஏனை நான்கும் தொடர்ந்து வந்தன. ராஸ் நூலகர் அல்லர். நூலகத்துறையைப் பற்றி அவர் கற்பித்தது ஏதுமில்லை. மாணாக்கரின் மனத்தில் முன்னரே இருந்ததை அவருக்கே எடுத்துக் காட்டினார். சேலம் இராமசாமி முதலியாரின் வினா போன்றது அது.

ஐந்து விதிகளும் 1931இல் நூலாக வெளிவந்தபோது, அதற்கு அறிமுகவுரை எழுதியவர் சேயர்ஸ். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒன்றுமறியாது வந்து நின்ற மாணாக்கரைத் தம் துறைக்கு முன்னோடி என்று உலகுக்கு அறிமுகம் செய்யும் பேறு அவ்வாசானுக்கு வாய்த்தது. ஆசான் பெறும் கூலி இதனினும் பெரிது வேறில்லை.

பெற்றதைப் பிறர்க்குத் தந்தவர்

ரங்கநாதனின் பெருமையைக் கோலன் பகுப்பு முறையில் மட்டும் காண்போர் உளர். 1933இல் வெளிவந்த அம்முறை அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தது உண்மையே. எனினும் இந்திய நூலகங்கள் பலவும் இன்று டூவி பகுப்பு முறையையே பின்பற்றுகின்றன. அவர் இந்நாட்டுக்கு விட்டுச் சென்ற நிலையான செல்வம் அவர் உருவாக்கிய மனிதர்களே.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1929இல், கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றை அச்சங்கத்தின் வழி அவர் தொடங்கினார். 1931இல் அப்பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு பட்டயப் படிப்பாக வளர்ந்தது. தாம் ஒருவர் கற்று வந்தது தம்மோடு முடிந்துவிடலாகாது என்னும் பதைப்பு இக்காலக் குறிப்புகளில் புலனாகும். லண்டனிலிருந்து திரும்பிய நான்காம் ஆண்டிலேயே கற்பிக்கத் தொடங்கிவிட்டார். முழுமையாகக் கற்று முடித்த பின்னரே கற்பிக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

தம்முடன் பணியாற்றிய இளையோரை அவர் நடத்திய முறையும் கருதத்தக்கது. 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த நோக்கீட்டுப் பணி பற்றிய நூலில், முதற் பகுதியில் சி. சுந்தரம், இரண்டாம் பகுதியில் கே.எம். சிவராமன் எனத் தம் நூலகப் பணியாளர் பெயர்களைத் தம் பெயரோடு இணைத்து வெளியிட்டார். உழைப்பு இளையவருடையதாகவும் பெயர் மூத்தவருடையதாகவும் அமைவது பல துறைகளில் வழக்கம். தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அப்பெயர்க்கு உரியவரின் வாழ்க்கைப் பாதையில் அது செய்யும் மாற்றம் அளவிடற்கரியது. நூல் வெளியிடுவோர் நிறைந்த இவ்வவைக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

சென்னையை விட்டுக் காசிக்கும் தில்லிக்கும் சென்ற பின்னரும் அவர் தொடர்ந்து ஆசிரியராகவே விளங்கினார். இந்தியாவில் நூலகத்துறையில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற டி.பி. கிருஷ்ணராவ், தில்லிப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆய்வு செய்தவர். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை 1950களில் ஏற்படுத்தினார். 1962இல், எழுபது வயதை எட்டிய நிலையில், பெங்களூரில் ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கி அங்கு அடுத்த தலைமுறையைப் பயிற்றினார். அங்கு அவருக்குத் துணை நின்றவர்களுள் எம்.ஏ. கோபிநாத் ஒருவர். ரங்கநாதன் 1972இல் மறைந்தார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர் கோபிநாத். ஆசான் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நூல் புதுப்பதிப்புப் பெறுவதற்கு மாணாக்கர் ஒருவர் இருந்தார். ஏடு தேடி அலைந்த மரபில் வந்த தமிழர்க்கு இதன் அருமை தெரியும்.

பட்டியலில் இல்லாத பக்கம்

இத்தகைய ஒருவரை ஈன்ற நாட்டில், இன்று நூலகப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞருக்கு ஆசான் யார்?

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென இயற்றப்பெற்ற முதற் சட்டம். அதன் வழி ஊர்தோறும் நூலகம் விரிந்தது. 1972இல் பொது நூலகத்துறைக்குத் தனி இயக்குநர் அமைந்தபோது, அப்பொறுப்பை ஏற்றவர் நூலகத் தொழிலிலேயே வளர்ந்த வே. தில்லைநாயகம். நூலகத்துறை நூல்களைத் தமிழிலேயே எழுதி, ஆங்கிலம் துணையாக அமையாத இளையோர்க்கும் ஆசானாக விளங்கிய பெருமை அவருக்கு உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நல்லாசிரியர்க்கு விருது அளிப்பது போல நல்ல நூலகர்க்கு ரங்கநாதன் பெயரால் விருது அளிக்கும் வழக்கமும் இங்கு உண்டு. 2010இல் சென்னைக் கோட்டூர்புரத்திலும் 2023இல் மதுரையிலும் பெரும் நூலகங்கள் எழுந்தன.

இவையெல்லாம் பெருமைக்குரியன. இவற்றுக்கு அப்பால் ஊர்ப்புற நூலகம் ஒன்றனுள் நுழைந்து பார்க்க வேண்டும். பல ஊர்களில் அங்குப் பணியாளர் ஒருவரே. கதவைத் திறப்பவரும் நாளிதழை விரித்து வைப்பவரும் அவரே. உறுப்பினர் சேர்ப்பது, சந்தா பெறுவது, நூல் வழங்குவது, பதிவேடு எழுதுவது, மாலையில் கதவைப் பூட்டுவது எல்லாம் அவரே. ரங்கநாதனுக்கு 1924இல் நேர்ந்த அதே தனிமை நூறாண்டு கழித்தும் அங்குக் காத்திருக்கிறது. ஆனால் அவரை லண்டனுக்கு அனுப்பியது போல, இவரை ஒரு மாதம் பக்கத்து ஊர் மூத்த நூலகரிடம் அனுப்பி வைப்பார் அரியர்.

புதியவர் பணியேற்கும் நாளில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றில் இருவரும் கையொப்பமிடுகின்றனர். நூல்கள் இத்தனை, அலமாரிகள் இத்தனை, நாற்காலிகள் இத்தனை, மின்விசிறிகள் இத்தனை என்று அது கணக்குச் சொல்கிறது. நாற்காலியின் கால் ஒடிந்திருந்தால் அதுவும் குறிக்கப்படும். அவ்வூரின் வாசகர் யார் யார் என்பது மட்டும் அப்பட்டியலில் இராது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவள் என்பதும், மூக்குக்கண்ணாடி மாற்ற வசதியின்றிப் பெரிய எழுத்து நூல்களையே கேட்கும் முதியவர் ஒருவர் உண்டு என்பதும், யாரும் அறியாமல் கவிதை எழுதும் நெசவாளி ஒருவர் கவிதைத் தொகுப்பு வந்தால் சொல்லும்படி கேட்டிருக்கிறார் என்பதும் ஓய்வு பெறும் நூலகரின் நெஞ்சில் மட்டுமே இருக்கும். அவர் பேருந்தேறிச் சென்றதும் அந்தப் பக்கமும் அவருடன் சென்றுவிடும். புதியவர் நாற்காலிகளுக்குப் பொறுப்பேற்கிறார். வாசகர்களை முதலிலிருந்து கண்டுபிடிக்கத் தொடங்குகிறார். முப்பதாண்டு அறிவு ஒரே மாலையில் கரைந்துவிடுகிறது.

அச்சம் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நூல் காணாமற் போனால் கணக்குச் சொல்ல வேண்டியவர் நூலகர். இருப்புச் சரிபார்ப்பு நாளை எண்ணி அஞ்சும் புதியவர், நல்ல நூல்களை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். இதனை அவருடைய சோம்பல் என்று பழிப்பது தகாது. அலமாரியைத் திறந்து வைத்து நாற்பது ஆண்டு பணி செய்து, கணக்கையும் நேர் செய்து காட்டிய மூத்தவர் ஒருவரை அவர் கண்டதில்லை. எந்த நூலை எவ்விடத்தில் வைத்தால் கண்காணிப்பு எளிது, தவறிய நூலை உரியவர் மனம் நோகாது எவ்வாறு திரும்பப் பெறுவது, கிழிந்து நைந்த நூலைக் கழிவு செய்வதற்கு எவ்வாறு முறைப்படி எழுதுவது ஆகியவற்றைப் பாடநூலிலிருந்து மட்டும் கற்பதரிது. அருகிருந்து காண்பவர்க்கு ஒரு மாதத்தில் விளங்கும். அச்சம் நீங்கினால் பூட்டும் நீங்கும்.

கவிஞர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. டூவி பகுப்பில் 894.811 தமிழிலக்கியத்துக்கு உரிய எண், 894.8111 தமிழ்க் கவிதைக்கு உரியது. எண்ணைப் பாடநூல் கற்பித்துவிடும். ஆனால் நாற்று என்றோ ஏர் என்றோ பெயர் சூட்டிய கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தால், அட்டையை மட்டும் பார்ப்பவர் அதனை வேளாண்மை நூல்களோடு வைத்துவிடக் கூடும். கவிதையைத் தேடி வருவோர் அங்குச் செல்லார். உரமிடும் முறையைத் தேடி வருவோர் அதனைப் புரட்டி ஏமாறுவர். புனைபெயரில் எழுதுவோரும், முதலெழுத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்வோரும், ஒரே பெயருடைய இருவரும் நூற்பட்டியலில் உண்டாக்கும் குழப்பம் வேறு. முன்னுரையைப் படித்த பின்னரே எண் இட வேண்டும் என்னும் சிறு பழக்கத்தை மூத்தவர் ஒருவர் தோளருகே நின்று சொல்லித் தந்திருந்தால், ஒரு கவிஞரின் நூல் வேளாண்மை அலமாரியில் தொலைந்து போகாது. கணினி நூற்பட்டியல் வந்துவிட்ட இக்காலத்திலும் நிலை இதுவே. தவறாக உள்ளிட்டதைக் கணினி தவறாகவே, ஆனால் விரைவாக, எடுத்துத் தரும்.

ஆசானும் அதிகாரியும்

மேலதிகாரிகள் இருக்கையில் ஆசான் எதற்கு என்று வினவலாம். பொது நூலகத்துறையில் மூன்றாம் நிலை நூலகர், இரண்டாம் நிலை நூலகர், முதல் நிலை நூலகர், மாவட்ட நூலக அலுவலர் எனப் படிகள் உள்ளன. அப்படிகளில் ஏறுவதற்குப் பணிமூப்பும் கல்வித் தகுதியும் கணக்கிடப்படுகின்றன. அது முறையே. ஆனால் அதிகாரியிடம் இளையவர் தம் குறையை மறைப்பார். ஆசானிடமே அதனைத் திறந்து கூறுவார். அறிக்கை பெறுபவரும் ஐயம் தீர்ப்பவரும் ஒருவராகவே அமைவது அரிது. பிரித்தானியாவில் 2002இல் உருவான சிலிப் என்னும் நூலகர் அமைப்பு, தன் பட்டயத் தகுதியை நாடுவோர் ஓர் ஆசானோடு இணைந்து பணியாற்ற வேண்டும் என்று கொண்டுள்ளது. தேர்வெழுதுவதோடு நிறைவுறாது, கற்றதை ஆசானோடு கலந்து ஆராய்ந்து, தம் பணியில் அஃது எவ்வாறு பயன்பட்டது என்று காட்ட வேண்டும். சேயர்ஸ் கிராய்டனில் தனியொருவராகச் செய்தது பின்னாளில் அந்நாட்டில் ஒரு நெறியாகவே அமைந்தது எனலாம்.

பெரிய ஆசானின் நிழலில் சிறு செடி வளராது என்பதும் ஒரு தடை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசான் சொன்ன விதிகளைக் கற்பாறையாக்கி, அவற்றுக்கு முன் கைகூப்பி நின்றுவிடும் மாணாக்கர் எத்துறையிலும் உண்டு. தமிழ்ப் புலமை உலகமும் இதற்கு விலக்கன்று. ஆயின் ரங்கநாதனே இதற்கு விடை தந்து சென்றார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்னும் கருத்தைத் தம் ஐந்தாம் விதியில் அமைத்தார். தம் பகுப்பு முறையையும் பதிப்புதோறும் திருத்தினார். தம்மையே திருத்திக்கொள்ளும் ஆசானிடம் பயின்றவர்க்குத் திருத்துவதும் ஒரு பாடமாகிவிடுகிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன நூல்கள் வேறு. அவர் மாணாக்கர் தேடிப் பதிப்பித்த நூல்கள் வேறு. ஆசான் கொடுத்தது நூற்பட்டியலை மட்டுமன்று. நூலை விடாது பற்றும் மனத்தையும் கொடுத்தார்.

பெண் நூலகர்களின் நிலையையும் இவ்விடத்திற் சுட்ட வேண்டும். நூலகவியல் படிப்புகளில் பெண்கள் பெருமளவில் சேர்கின்றனர். ஊர்ப்புற நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் பணியாற்றுகின்றனர். மாநாட்டுக்கு வெளியூர் செல்வதும், மாலை நேரத்தில் மூத்தோருடன் அமர்ந்து உரையாடுவதும் ஆண்களுக்கு எளிது. துறைசார்ந்த செய்திகளும் வாய்ப்புகளும் பெரும்பாலும் அத்தகைய உரையாடல்களிலேயே கைமாறுகின்றன. வீட்டுப் பொறுப்பு காரணமாக அங்கு வர இயலாதவர், திறமையில் குறைவில்லாமலே பின்தங்கிவிடுகிறார். ஆகவே ஆசான் மாணாக்கர் உறவைத் தற்செயலான பழக்கத்துக்கு விட்டுவிடாது முறையாக அமைத்துத் தர வேண்டும். முறையாக அமைந்தால்தான் கதவருகே நிற்பவர்க்கும் அது கிட்டும்.

வட்டம் செய்யத்தக்கது

அரசு செய்ய வேண்டியன பல. காலியிடங்களை நிரப்புவதும், தகுந்த ஊதியம் தருவதும் அவற்றுள் தலையாயன. ஊதியம் இல்லாத இடத்தில் ஆசானின் அன்பை மட்டும் கொண்டு பசியாற்ற இயலாது. ரங்கநாதனும் தம் முதல் விதியை விளக்கும் இடத்திலேயே நூலகப் பணியாளரின் பயிற்சி, ஊதியம், மதிப்பு ஆகியவற்றை ஆராய்ந்துள்ளார். நூல் பயன்பட வேண்டுமாயின் அதனைத் தருபவர் மதிப்போடு வாழ வேண்டும் என்பது அவர் கருத்து.

இவற்றுக்காகக் காத்திராமல் தொடங்கத்தக்க செயல்கள் மூன்று உள்ளன. புதிதாகப் பணியேற்கும் நூலகர், முதல் மாதத்தில் சில நாட்களேனும் அனுபவம் மிக்க நூலகர் ஒருவருடன் அமர்ந்து பணியாற்ற வழி செய்தல் ஒன்று. இதற்கு வேண்டியது புதிய கட்டடமோ பெரும் நிதியோ அன்று. ஓர் ஆணையும் ஒரு பேருந்துச் சீட்டும் போதும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலோடு ஒரு பக்கத்தைச் சேர்த்தல் மற்றொன்று. வாசகர்கள் என்று அதற்குத் தலைப்பிடலாம். அவர்களுடைய தேவைகளை, தனிச் செய்திகளை வெளியிடாத வகையில், ஓய்வு பெறுபவர் தம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற நூலகர்களைப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், மாதம் ஒருமுறையேனும் இளையோரோடு அமரச் செய்தல் மூன்றாவது.

மூன்றாம் செயலுக்கு இடமளிப்பது இலக்கிய வட்டங்களுக்கு எளிது. பத்து ஆண்டுகளாக ஒரு வட்டம் நடந்து வருகிறது என்றால், அதன் உட்பொருள் என்ன? மூத்த கவிஞர் ஒருவர் இளைய கவிஞரின் வரியை எடுத்து, இச்சொல் இங்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இளையவர் முதலில் வருந்தி, பின்னர் திருத்தி, அடுத்த மாதம் மீண்டும் வந்திருக்கிறார். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழ்ந்ததன் பெயரே வட்டம். கவிஞர்க்குக் கிடைத்த அப்பேறு பக்கத்துத் தெரு நூலகர்க்கும் கிடைக்கலாகாதா? மாதக் கூட்டத்துக்கு அவரையும் அழைக்கலாம். அண்மையில் வந்த நூல்களுள் எவை தேவை என்று அவரோடு கலந்து பேசலாம். ஓய்வு பெற்ற நூலகர் ஒருவரை அதே கூட்டத்துக்கு வரவழைத்து இருவரையும் அருகருகே அமர வைக்கலாம். அதன் பின்னர் அவ்விருவர்க்கும் இடையில் நிகழ வேண்டியது தானே நிகழும்.

நூல் வெளியானவுடன் இரு படிகளை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, அவை என்னாயின என்று கேளாதிருப்பது எழுத்தாளர் பலரின் வழக்கம். இனி ஒருமுறை நேரில் சென்று, அந்நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நூலகரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் பட்டியலைப் புரட்டாமலே எழுந்து சென்று எடுத்து வந்து, சென்ற மாதம் இதனை இன்னார் படித்தார் என்று கூறுவாராயின், அவர்க்கு எங்கோ ஓர் ஆசான் வாய்த்திருக்கிறார் என்று கொள்க. அவர் தயங்கி நிற்பாராயின், குறை அவருடையது என்று முடிவு செய்ய வேண்டா. அவர்க்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை என்பதே அதன் பொருள். சொல்லித் தரத்தக்கவர் ஒருவர் அதே ஊரில், ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு, பேச்சுத் துணையின்றி இருக்கக் கூடும். அவ்விருவரையும் சந்திக்க வைக்கும் பணி, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்துக்கு உரிய பணி.